இடது கால் மட்டும் வீங்கினால்: இடுப்புச் சிரை அமுக்கத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்தார் அந்த அம்மா. வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை. ஸ்கேன் மேசையில் படுக்கவைத்துப் புடவையைச் சற்று விலக்கிப் பார்த்தபோது வலது காலில் கொலுசு இருந்தது, இடது காலில் இல்லை. எங்கே என்று கேட்டேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். "சாயங்காலம் ஆச்சுன்னா இந்தக் கால் மட்டும் வீங்கிக் கொலுசு அறுக்குதுங்க டாக்டரம்மா. ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் நாலு வருஷமா இப்படித்தான்."

அந்த நாலு வருடத்தில் அவர் கேட்டுக்கொண்ட பதில்கள் பல. யானைக்கால் என்றார் ஒருவர். நம்ம ஊர் ஃப்ளோரைடு தண்ணீர்தான் காரணம் என்றார் இன்னொருவர். நரம்பு சுருட்டல், லேசர் வைத்தால் சரியாகிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் காலைத்தான் பார்த்தார்கள். கோளாறு இருந்ததோ தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே, முதுகெலும்பை ஒட்டி.

தர்மபுரி மாவட்டத்தில் ஸ்கேன் பார்க்கும் மருத்துவராக இதைப் பற்றி இரண்டு விஷயங்களை உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கால் மட்டும், அதிலும் இடது கால் மட்டும் வீங்கினால் இடுப்புக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிப் பார்த்து அங்கே சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) நசுங்கியிருப்பது தெரிந்தாலும், அதை வைத்து மட்டும் யாரையும் ஸ்டென்ட் (சிரையை விரித்துப் பிடிக்கும் உலோக வலைக் குழாய்) போட விடாதீர்கள். படத்தில் தெரிவதும் நீங்கள் படும் பாடும் ஒத்துப்போக வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் சுற்றித்தான் இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

இதயத்திலிருந்து நல்ல ரத்தத்தைக் கொண்டுவரும் பெரிய தமனி, தொப்புள் உயரத்தில் இரண்டாகப் பிரிந்து ஒவ்வொரு காலுக்கும் ஒன்றாக இறங்குகிறது. கால்களிலிருந்து ரத்தத்தை மேலே ஏற்றும் இரண்டு சிரைகள் அதற்குச் சற்றுக் கீழே, முதுகெலும்பின் வலப்பக்கமாக ஒன்று சேருகின்றன. இந்த அமைப்பால் இடது காலின் சிரை நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போயாக வேண்டும். போகிற வழியில் வலது காலுக்கு இறங்கும் தமனி அதன் மேல் குறுக்கே படுத்திருக்கிறது. அடியில் 5ஆவது இடுப்பு முள்ளெலும்பு. தமனியின் சுவர் கெட்டி, அழுத்தமும் அதிகம். சிரையின் சுவர் மெல்லியது, அழுத்தமும் குறைவு. சொட்டுநீர்க் குழாய்மேல் கல்லை வைத்ததுபோல நடுவில் மாட்டிக்கொண்ட சிரை தட்டையாகிறது.

குழாய்க்கு வராத ஒரு தொல்லையும் சிரைக்கு உண்டு. மேலிருக்கும் தமனி ஒவ்வொரு துடிப்பிலும் அதைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. வருடக்கணக்கில் தட்டுப்பட்ட இடத்தில் சிரையின் உட்சுவர் தடித்து, உள்ளுக்குள்ளேயே திரைபோல, நார்போல இழைகள் வளர்ந்துவிடுகின்றன. மே, தர்னர் என்ற இரண்டு மருத்துவர்கள் 430 சடலங்களை ஆராய்ந்து, அவற்றில் 22 சதவீதத்தில் இப்படிப்பட்ட இழைகளைக் கண்டதாக 1957இல் எழுதினார்கள். அதனால்தான் இதற்கு மே-தர்னர் சிண்ட்ரோம் என்று பெயர். இடது காலில்தான் ரத்தக்கட்டு அதிகம் வருகிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் விர்ஷோ 1851ஆம் ஆண்டு வாக்கிலேயே கவனித்திருந்தார்.

இன்னொரு எண்ணையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள். வயிற்று வலி போன்ற வேறு காரணத்துக்காக சி.டி. எடுத்த, கால் தொந்தரவு எதுவுமில்லாத 50 பேரின் படங்களைப் பார்த்து 2004இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அந்த இடது சிரை பாதிக்கு மேல் நசுங்கியிருந்தது. அவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்ல. நசுங்கியிருப்பது உடம்பின் அமைப்பு. அது வீக்கத்தையோ வலியையோ ரத்தக்கட்டையோ கொண்டுவந்தால்தான் நோய்.

தமனி தவிர வேறு பொருட்களும் சிரையை அமுக்கலாம். கர்ப்பப்பைக் கட்டி, வளர்ந்துவரும் கர்ப்பம், நெறிக்கட்டிகள், புற்றுநோய்க் கட்டி, முதுகெலும்பில் முளைத்த எலும்பு முள், நிரம்பி வழியும் சிறுநீர்ப்பை என்று பட்டியல் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஒரு கால் வீங்கினால் இவற்றைத்தான் முதலில் தேட வேண்டும். சற்று மேலே, இடது சிறுநீரகத்தின் சிரை இரண்டு தமனிகளுக்கு நடுவில் பாக்குவெட்டியில் சிக்கிய பாக்குபோல மாட்டிக்கொள்வதும் உண்டு. அதை நட்கிராக்கர் என்பார்கள். இடது விலாவுக்குக் கீழே வலி, சிறுநீரில் ரத்தம், ஆண்களுக்கு இடது விதைப்பையில் சிரைச் சுருட்டல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

முதல் படி: வீட்டிலேயே ஒரு வாரம் கவனியுங்கள்

திடீரென்று வந்த வீக்கம் என்றால் இந்தப் படியை விட்டுவிட்டு நேராக அடுத்த படிக்குப் போங்கள். நாள்பட்ட வீக்கத்துக்கு மட்டும்தான் இது.

தையல்காரர் வைத்திருக்கும் அளவு டேப் ஒன்று போதும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு மேடாக முட்டிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து 10 செ.மீ. கீழே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அந்த இடத்தில் கெண்டைக்காலின் சுற்றளவை இரண்டு காலிலும் எடுங்கள். காலையில் எழுந்ததும் ஒருமுறை, வேலை முடிந்து வந்ததும் ஒருமுறை. தொடையிலும் அப்படியே. ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். இரண்டு கெண்டைக்கால்களுக்கும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவர்கள் அதைப் பொருட்படுத்துவார்கள். "வீங்குதுங்க" என்று சொல்வதைவிட, "சாயங்காலம் இடது 38, வலது 34" என்று சொன்னால் எங்கள் வேலை பாதி முடிந்தது.

அளவோடு இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வீக்கம் தொடைவரை ஏறுகிறதா? காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தால் வடிகிறதா? மேட்டில் ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தொடை வெடித்துவிடும்போல இறுகுகிறதா? கணுக்காலின் உட்பக்கம் தோல் கறுத்து, அரித்து, புண்ணாகிறதா? ஒருமுறை லேசர் வைத்தும் சுருட்டல் திரும்ப வந்ததா?

பெண்களிடம் நான் கூடுதலாகச் சில கேள்விகள் கேட்பேன். கூச்சத்தால் அவர்கள் தாமாகச் சொல்வதில்லை. அடிவயிற்றில் ஆறு மாதத்துக்கு மேலாக மந்தமான, இழுத்துப் பிடிக்கும் வலி உண்டா? நாள் முழுக்க நின்ற பிறகும், மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும், தாம்பத்திய உறவுக்குப் பிறகும் அது கூடுகிறதா? படுத்தால் குறைகிறதா? பிறப்புறுப்பைச் சுற்றியோ, பின்தொடையிலோ, பிட்டத்திலோ சிரைகள் புடைத்திருக்கின்றனவா? இவை இடுப்புக்குள் ரத்தம் தேங்குவதன் அடையாளங்கள். மாம்பழக் கூழ் ஆலைகளில் சீசன் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்களும் ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் முழுக்க நிற்கும் பெண்களும் இதை வெறும் களைப்பு என்று நினைத்துப் பல வருடம் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் படி: இது அவசரமா என்று பாருங்கள்

ஓரிரு நாளில் திடீரென்று ஒரு கால் வீங்கி, வலித்து, சூடாகி, நிறம் மாறினால் உள்சிரையில் ரத்தக்கட்டு என்றே வைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பிரசவம் முடிந்த ஆறு வாரத்துக்குள், கர்ப்பத்தின்போது, கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, நீண்ட நாள் படுக்கையில் இருந்த பிறகு வரும் வீக்கத்துக்கு இது இன்னும் பொருந்தும். கர்ப்பிணிகளுக்கு வரும் கால் ரத்தக்கட்டு பெரும்பாலும் இடது காலில்தான். பச்சை உடம்புக்காரிக்குக் கால் வீங்குவது சகஜம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு காலும் ஒரே அளவாக வீங்கினால் அவர்கள் சொல்வது பல நேரம் சரியாக இருக்கும். ஒரு கால் மட்டும் என்றால் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

தயவுசெய்து எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள். சுளுக்கு எடுக்கிறவரிடம் காலைக் கொடுக்காதீர்கள். கட்டு பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் 108. கால் முழுக்க நீலம் பாய்ந்து தாங்க முடியாத வலி என்றாலும் 108தான். அந்த நிலையில் சில மணி நேரத் தாமதம்கூடக் காலையே இழக்கவைக்கும்.

மூன்றாம் படி: மற்ற காரணங்களை ஒதுக்குங்கள்

இதை உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே முடித்துவிடலாம். இரண்டு காலும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, ரத்தசோகை இவற்றில் ஒன்றைத் தேடுவார்கள். ரத்தக்கொதிப்புக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையும் கால்களை வீங்கவைக்கும். யானைக்கால் போன்ற நிணநீர் வீக்கத்தில் பாதத்தின் மேற்புறமும் விரல்களும் சேர்ந்து வீங்கும்; இரண்டாவது கால்விரலின் அடிப்பகுதித் தோலைக் கிள்ளித் தூக்க வராது. சிரை வீக்கத்தில் பெரும்பாலும் கிள்ள வரும். ஹீமோகுளோபின், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), சிறுநீர்ப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் எளிய சோதனைகள்தான். ரத்தக்கட்டு சந்தேகம் குறைவாக இருக்கும்போது டி-டைமர் சோதனை உதவும்: அது சரியாக இருந்தால் கட்டு இல்லை என்று நம்பலாம். அதிகமாக இருந்தால் கட்டு இருக்கிறது என்று பொருள் இல்லை. கர்ப்பம், காய்ச்சல், அறுவை எல்லாமே அதை உயர்த்தும்.

அடிவயிற்று வலி என்றால் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு வெளியே வளர்வது), கட்டி, தொற்று இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். வலி தீரவில்லை என்பதற்காகக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், "சிரையில் தேக்கம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இந்தக் கேள்வியை எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் கேட்காமல் விடாதீர்கள்.

நான்காம் படி: டாப்ளர் ஸ்கேன்

ரத்த ஓட்டத்தைக் காட்டும் இந்த ஸ்கேன் நான் தினமும் செய்யும் வேலை. நான் தவறு செய்ததும் இங்கேதான். வேலைக்கு வந்த புதிதில் ஒரு இளம்பெண்ணுக்குக் கால் டாப்ளர் பார்த்தேன். தொடை இடுக்கிலிருந்து கணுக்கால்வரை எங்கும் கட்டு இல்லை. "ரத்தக்கட்டு இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். வீக்கம் குறையாமல் மூன்று வாரம் கழித்து வெளியூரில் சி.டி. எடுத்தபோது, தொடை இடுக்குக்கு மேலே, வயிற்றுக்குள் இருக்கும் இடது இலியாக் சிரை முழுக்கக் கட்டு. நான் பார்த்த இடத்தில் இல்லை, பார்க்காத இடத்தில் இருந்தது. அந்த மூன்று வாரத்தை அந்தப் பெண்ணுக்கு என்னால் திருப்பித் தர முடியாது.

கால் டாப்ளர் என்று சீட்டில் எழுதினால் பல இடங்களில் இடுக்கிலிருந்துதான் தொடங்குவார்கள். அதனால் சீட்டு எழுதும் மருத்துவரிடம், "வயிற்றிலுள்ள இலியாக் சிரைகளையும் அவை ஒன்று சேரும் அடிப்பெருஞ்சிரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஆறு மணி நேரம் திட உணவு இல்லாமல் வந்தால் குடலில் காற்று குறைந்து படம் தெளியும். தண்ணீர் மட்டும் தேவையான அளவு குடித்துவிட்டு வாருங்கள். உடம்பில் நீர் வறண்டால் சாதாரணச் சிரைகூட ஒட்டிப்போய் நசுங்கியதுபோலத் தெரியும். சித்திரை வெயிலில் பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து படுக்கிறவர்களுக்கு நான் முதலில் தண்ணீரும் கொஞ்சம் ஓய்வும்தான் கொடுப்பேன்.

மேலே நேரடியாகத் தெரியாவிட்டாலும் ஒரு துப்பு உண்டு. நல்ல சிரையில் ரத்த ஓட்டம் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கும். திரையில் அலை அலையாக வரும். மேலே அடைப்போ அமுக்கமோ இருந்தால் அந்த அலை மறைந்து, ஏரித் தண்ணீர்போலத் தட்டையாக ஒரே சீராக ஓடும். வலது தொடையில் அலை, இடது தொடையில் தட்டை என்றால் மேலே ஏதோ இருக்கிறது. கொலுசு அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது. அவர் திரையைப் பார்த்து, "இந்தப் பக்கம் மூச்சே விடலியே" என்றார். அதைவிடச் சரியாக நானும் விளக்கியிருக்க மாட்டேன்.

நேராகத் தெரியும்போது, நசுங்கிய இடத்தில் ரத்தத்தின் வேகத்தை அதற்கு முந்தைய இடத்தின் வேகத்தோடு ஒப்பிடுவோம். இரண்டரை மடங்குக்கு மேல் என்றால் முக்கியமான அடைப்பு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதோடு நிறுத்தாமல், நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்தோ குப்புறப் படுக்கவைத்தோ மறுபடி பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்தால் மட்டும் நசுங்கி, திரும்பிப் படுத்தால் சிரை விரிந்துகொண்டால் அது நிலையான அடைப்பு அல்ல. உள்ளே இழைகள் வளர்ந்திருந்தால் எப்படிப் படுத்தாலும் குறுகியே இருக்கும். இந்த ஐந்து நிமிட வேலை பலருக்குத் தேவையில்லாத ஸ்டென்ட்டைத் தவிர்த்திருக்கிறது.

காலின் மேற்சிரைகளில் ரத்தம் பின்னோக்கி வழிகிறதா என்று நிற்கவைத்துத்தான் பார்க்க வேண்டும். அரை நொடிக்கு மேல் வழிந்தால், ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் சிரை வால்வு கெட்டிருக்கிறது என்று பொருள். இடுப்பு வலி உள்ள திருமணமான பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் சினைப்பைச் சிரைகளும் கர்ப்பப்பையைச் சுற்றிய சிரைகளும் நன்றாகத் தெரியும். சிரை பெருத்திருப்பது மட்டும் நோய் ஆகாது. பல பிள்ளை பெற்றவர்களுக்கு வலி இல்லாமலேயே பெருத்திருக்கும்.

ஐந்தாம் படி: சி.டி. அல்லது எம்.ஆர். வெனோகிராம்

டாப்ளரில் சந்தேகம் வந்தால் அடுத்தது, சிரைகளைத் தெளிவாகக் காட்டும் இந்தப் படம். சாதாரண வயிற்று சி.டி. போதாது. மருந்து சிரைக்குள் வந்து சேரும் நேரம் பார்த்து எடுக்க வேண்டும், அதனால் சீட்டில் வெனோகிராம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கிரியேட்டினின் அறிக்கை கையில் இருக்கட்டும். கர்ப்பமாக இருக்கலாம் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சி.டி. கட்டிகளையும் எலும்பு முள்ளையும் சேர்த்துக் காட்டும், எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை.

கடந்த வருடம் ஓசூரில் வேலை பார்க்கும் இருபத்துநாலு வயதுப் பெண் ஒருத்தி சி.டி. அறிக்கையோடு அழுதுகொண்டு வந்தாள். சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த படம். கடைசி வரியில் மே-தர்னர் அமைப்பு, 60 சதவீத அமுக்கம் என்று இருந்தது. அதை இணையத்தில் தேடிப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. கால் வீக்கம் இல்லை, வலி இல்லை, சுருட்டல் இல்லை, டாப்ளரில் இரண்டு பக்கமும் ஒரே அலை. "உனக்கு ஒண்ணுமில்லம்மா, மருந்தும் வேண்டாம், ஸ்டென்ட்டும் வேண்டாம். கர்ப்பமாகும்போதும், ஆபரேஷன் ஏதாவது வந்தாலும், இந்த அறிக்கையை மட்டும் டாக்டரிடம் காட்டு" என்று சொல்லி அனுப்பினேன். கருத்தடை மாத்திரை தொடங்கும் முன்பும் காட்டச் சொன்னேன். உங்கள் அறிக்கையிலும் இப்படி ஒரு வரி மட்டும் இருந்து, உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் அடுத்த படிக்குப் போக வேண்டியதே இல்லை.

ஆறாம் படி: சிரைக்குள்ளிருந்து பார்ப்பது

தொந்தரவும் கடுமை, படமும் ஒத்துப்போகிறது, சிகிச்சை தேவைப்படலாம் என்ற நிலையில்தான் இது. தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி மருந்து விட்டுப் படம் எடுப்பார்கள். அதே குழாய் வழியில் நுனியில் ஸ்கேன் பொருத்திய கம்பியை அனுப்பிச் சிரையை உள்ளேயிருந்து பார்ப்பதுதான் இன்று மிக நம்பகமான முறை. ஐவஸ் என்பார்கள். குறுக்குப் பரப்பு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறதா, உள்ளே இழை இருக்கிறதா, எந்த அளவு ஸ்டென்ட் பொருந்தும் என்பதை அது சொல்லும். ஸ்டென்ட் போடப்போவதாகச் சொல்லும் மருத்துவமனையில், "ஐவஸ் வைத்துப் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், ஐவஸ் வசதி இருக்கும் இடத்தில் இரண்டாவது கருத்து கேட்பது நல்லது.

யாரிடம் போவது? ரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணர் அல்லது இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். முதல் பரிசோதனைகளுக்கு 2008இல் தொடங்கிய தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியும் 2022இல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அதற்கு மேல் சேலம், வேலூர் சி.எம்.சி., சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, பெங்களூரு ஆகியவை நம் மாவட்டத்துக்காரர்கள் வழக்கமாகப் போகும் இடங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. உங்களுக்குச் சொன்ன சிகிச்சை அதில் வருகிறதா என்பதைச் சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: சிகிச்சை

தொந்தரவு குறைவாக இருந்தால், கத்தியும் கம்பியும் இல்லாமல் மூன்று நான்கு மாதம் முயன்று பார்க்கலாம். தினமும் நடை, கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளும் பம்ப். நின்று வேலை செய்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்குங்கள். இரவில் கால்மாட்டை உயர்த்திப் படுங்கள். எடை அதிகமிருந்தால் குறையுங்கள். 20 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தமுள்ள காலுறையைக் காலையில் படுக்கையை விட்டு எழும் முன்பே மாட்டுங்கள். வீங்கிய பிறகு ஏறாது. அளவும் காலையில்தான் எடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் கால் தமனியில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே போடலாம். நம்ம ஊர் வெயிலில் காலுறை வேர்க்கும், அரிக்கும், உண்மைதான். நாள் முழுக்க முடியவில்லை என்றால் வேலை நேரத்தில் மட்டுமாவது போடுங்கள்.

புதிய ரத்தக்கட்டு என்றால் முதல் மருந்து ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. குறைந்தது மூன்று மாதம், பலருக்கு அதற்கு மேலும். கட்டைக் கரைக்கும் மருந்தைக் குழாய் வழியாக நேராக விடுவதும், கட்டை உறிஞ்சி எடுப்பதும் எல்லோருக்கும் தேவையில்லை. 692 பேரை வைத்து நடந்து 2017இல் வெளிவந்த அட்ராக்ட் என்ற ஆய்வில், அப்படிச் செய்தவர்களுக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் பிற்காலக் கால் பாதிப்பு ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. பெரிய ரத்தக்கசிவு மட்டும் சற்றுக் கூடியது. ஆனால் கட்டு இடுப்பு மட்டம்வரை ஏறியவர்களுக்குப் பிற்காலப் பாதிப்பின் கடுமை குறைந்தது. ஆகவே இடுப்புவரை கட்டு ஏறி, இரண்டு வாரத்துக்குள் வந்து, வயது குறைவாகவும் ரத்தக்கசிவு ஆபத்து குறைவாகவும் இருந்தால் இதைப் பற்றிப் பேசலாம். கால் நீலமானால் பேசவே நேரமில்லை, செய்தாக வேண்டும். கட்டை எடுத்த பிறகு அடியில் அமுக்கம் தெரிந்தால் அதே சமயத்தில் ஸ்டென்ட் வைப்பார்கள். இல்லாவிட்டால் அங்கேயே மறுபடி உறையும்.

ரத்தக்கட்டு இல்லாமல் அமுக்கம் மட்டும் என்றால் ஸ்டென்ட் கடைசி வழி. ஆறாத புண், வேலையை விடவைக்கும் வீக்கம், நடக்க விடாத இறுக்கம் இருந்து, காலுறையும் நடையும் பலன் தராதபோதுதான். தொடையில் ஊசித் துளை போட்டு, பலூனால் விரித்து, 14 முதல் 18 மி.மீ. அகலமுள்ள உலோக வலைக் குழாயை வைப்பார்கள். சிரைக்கென்றே வடிவமைத்த ஸ்டென்ட்களுக்கு அமெரிக்காவில் 2019இல்தான் முதல் அனுமதி கிடைத்தது. அதனால் இருபது வயதில் வைக்கும் ஸ்டென்ட் அறுபது வயதில் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தப் புதிய ரகங்களில் இன்னும் நீண்டகால அனுபவம் கிடையாது. சிறிய அளவில் வைத்தால் நழுவி இதயம்வரை போன சம்பவங்கள் உண்டு. ஒரு ரகம் இடம்பெயர்வதால் 2021இல் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. வைத்த பிறகு சில நாள் முதுகுவலி இருக்கும், அது வழக்கம்தான்.

இடுப்பு வலிக்குக் காரணம் சினைப்பைச் சிரையில் ரத்தம் பின்னோக்கி வழிவதுதான் என்று உறுதியானால், அந்தச் சிரையைச் சிறு உலோகச் சுருள்களாலும் நுரை மருந்தாலும் அடைத்துவிடுவார்கள். மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் மாதிரி ஹார்மோன் மருந்துகளும் சிலருக்கு வலியைக் குறைக்கும். ஒரு எச்சரிக்கை. நட்கிராக்கர் இருப்பவர்களுக்குச் சிறுநீரக ரத்தம் வெளியேறும் மாற்றுப்பாதையே அந்தச் சினைப்பைச் சிரையாக இருக்கலாம். அதை அடைத்தால் சிறுநீரகத்தில் தேக்கம் கூடிவிடும். எனவே அடைக்கும் முன் மேலே சிறுநீரகச் சிரையையும் கீழே இலியாக் சிரையையும் பார்த்தாக வேண்டும். மெலிந்த இளம்வயதினருக்கு வரும் நட்கிராக்கர் உடம்பு கொஞ்சம் பூசினாலே பலருக்குத் தணிந்துவிடும். அதில் அவசரம் வேண்டாம்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

ஸ்டென்ட் அடைத்துக்கொள்ள முக்கியக் காரணம், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை நிறுத்துவது. ரிவராக்சபன் என்றால் முதல் 21 நாள் 15 மி.கி. இரண்டு வேளை, அதன்பின் 20 மி.கி. ஒரு வேளை, சாப்பாட்டோடுதான். அபிக்சபன் என்றால் முதல் ஏழு நாள் 10 மி.கி. இரண்டு வேளை, பிறகு 5 மி.கி. இரண்டு வேளை. இது ரத்தக்கட்டுக்கான வழக்கமான அளவு. உங்களுக்கு எழுதியதை அப்படியே பின்பற்றுங்கள். அளவு மாறும் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். பழைய அட்டையைக் காட்டி அதே மாத்திரையை மறுபடி வாங்கிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. வார்ஃபரின் என்றால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை எண்) 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும். கீரையை விட வேண்டாம். வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதே அளவில் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஹெப்பாரின் ஊசிதான். பால் கொடுப்பவர்களுக்கு ஹெப்பாரின், வார்ஃபரின் இரண்டும் ஏற்றவை.

வலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். பல் பிடுங்கும் முன், சதையில் ஊசி போடும் முன், நாட்டு மருந்து தொடங்கும் முன் ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுவதாகச் சொல்லுங்கள். கறுப்பு மலம், நிற்காத மூக்கு ரத்தம், தலையில் அடி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வரும் ஊழியரிடம் காலையும் காட்டுங்கள். கணுக்கால் புண்ணை ஆரம்பத்திலேயே அவர் பார்த்துச் சொன்னால் பல மாத அவதி மிச்சம்.

டாப்ளரை முதல் சில வாரத்துக்குள், மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில், அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது பொதுவான வழக்கம். கால் திடீரென்று மறுபடி வீங்கினால் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே வாருங்கள். புதிதாக அடைத்த ஸ்டென்ட்டைச் சில நாட்களுக்குள் திறப்பது எளிது.

கொலுசு அம்மாவுக்குப் பிரசவ நேரத்தில் வந்து யாரும் கவனிக்காத ரத்தக்கட்டின் தழும்புதான் மேலே இருந்தது. வெளியூரில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஆறாவது மாத ஸ்கேனுக்கு வந்தார். இடது பக்கம் அலை திரும்பியிருந்தது. சாயங்கால அளவில் 4 செ.மீ. வித்தியாசம் ஒன்றரை ஆகியிருந்தது. முழுக்கச் சரியாகவில்லை, அவ்வளவு நாள் கெட்ட வால்வுகள் திரும்பாது என்று அவருக்கும் சொல்லியிருந்தேன். காலுறை போட்டிருந்தார். அதற்கு மேல் கொலுசு போட்டால் உறுத்துகிறதாம், அதனால் வலது காலிலும் கழற்றிவிட்டு இரண்டையும் மகளுக்குக் கொடுத்துவிட்டாராம். ஸ்டென்ட்டின் அளவும் தேதியும் எழுதிய அட்டை, சி.டி., மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரு மஞ்சள் பையில் மடித்து வைத்திருந்தார். நீங்களும் அப்படி ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் முதலில் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள்.